சிவப்பில் வந்த சோயா

எந்த உணவு உடம்புக்கு ஆகாது என்று ரத்தத்தில் பார்ப்பதாகச் சொல்லும் ஒரு பரிசோதனை. அக்காவுக்கு வந்த அதன் அறிக்கையில் உணவுப் பெயர்கள் மூன்று நிறங்களில் இருந்தன. பச்சை என்றால் தாராளமாகச் சாப்பிடலாம். மஞ்சள் என்றால் பார்த்துச் சாப்பிட வேண்டும். சிவப்பு என்றால் கிட்டேயே போகக் கூடாது. கோதுமை, பால், உளுந்து, வேர்க்கடலை எல்லாம் சிவப்பு. சோயா சிவப்பிலும் சிவப்பு, பட்டை காகிதத்தின் ஓரம் வரை நீண்டிருந்தது. முழு உடல் பரிசோதனை எடுத்தால் இதையும் பாதி விலைக்குச் சேர்த்துத் தருகிறோம் என்று சொல்லி, டெல்லி மயூர் விஹார் வீட்டுக்கே ஆள் அனுப்பி ரத்தம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அடுத்த நாளே அந்தப் பிடிஎஃப் குடும்ப வாட்ஸப் குழுவுக்கு வந்துவிட்டது. திருநெல்வேலியிலிருந்து அத்தை, "நான் அப்பவே சொன்னேன், அந்த ரப்பரத் திங்காதீயன்னு" என்று எழுதினாள். அத்தான் ஒன்றும் எழுதவில்லை. சோயா மாவையும் மைதாவையும் பிசைந்து குச்சியில் சுற்றிய சாப்பை வாராவாரம் வாங்கி வருகிறவர் அவர்தான்.

டெல்லியில் சைவமாக வாழ்கிறவர்களுக்குச் சாப் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. ஊரில் மீல்மேக்கரைக் குருமாவில் போட்டதோடு நம் சோயா உறவு முடிந்தது. இங்கே செவ்வாய்க்கிழமை கறி சாப்பிடாத பஞ்சாபி வீடுகள் முதல் கல்யாணப் பந்திவரை எங்கும் மலாய் சாப், தந்தூரி சாப், நியூட்ரி குல்சா. அக்காவின் மகள் ஜிம்முக்குப் போகத் தொடங்கியதிலிருந்து வீட்டில் சோயா மாவும் வந்துவிட்டது. காய்ந்த மீல்மேக்கரின் எடையில் சுமார் பாதி புரதம் என்று அவள் பொட்டலத்தைத் திருப்பிக் காட்டுவாள், அது உண்மையும்கூட. ஆகவே அந்தச் சிவப்புப் பட்டை ஒரு வீட்டின் சமையலையே நிறுத்தி வைத்தது. அக்காவுக்குத் தொல்லை இல்லாமல் இல்லை. சாப் சாப்பிட்ட ராத்திரி வயிறு கல் மாதிரி ஆகிவிடும், காலையில்தான் இறங்கும். அறிக்கையைப் பார்த்ததும் அதற்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று நம்பினாள். "ஏட்டி, என் ஒடம்பு சோயாவ எதுத்து ஆன்டிபாடி செஞ்சிருக்கு. ரத்தத்துலயே வந்துட்டு. இதுக்கு மேல என்ன வேணும்?" என்று கேட்டாள்.

கேள்வி நியாயமானதுதான். ஆன்டிபாடி என்றால் எதிர்ப்பு, எதிர்ப்பு இருந்தால் பகை இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து நமக்குச் சொல்லித் தந்தது அதுதான். அந்த அறிக்கையை விற்றவர்கள் பொய்யான எண் எதையும் அச்சடிக்கவில்லை என்பதுதான் என்னை அதிகம் உறுத்தியது. அக்காவின் ரத்தத்தில் சோயாவை அடையாளம் காணும் ஐஜிஜி என்ற வகை ஆன்டிபாடி உண்மையிலேயே இருந்தது, அளந்துதான் போட்டிருந்தார்கள். அப்படியென்றால் தப்பு எங்கே இருக்கிறது, அல்லது தப்பே இல்லையா?

செரித்த பின்னும் மிஞ்சுவது

சோயா விதையின் புரதத்தில் பெரும்பங்கு இரண்டே இரண்டு சேமிப்புப் புரதங்கள். ஒன்று கிளைசினின், இன்னொன்று பீட்டா-கான்கிளைசினின். முளைக்கப்போகும் செடிக்காக விதை கட்டிவைத்த மூட்டைகள் இவை. பல துண்டுகள் ஒன்றோடொன்று இறுகிச் சேர்ந்த பெரிய மூலக்கூறுகள். வேகவைத்தால் குலையும், ஆனால் எல்லா இடமும் குலைவதில்லை. கூடவே குனிட்ஸ் டிரிப்சின் தடுப்பான் என்று ஒரு சின்னப் புரதமும் இருக்கிறது, நம் செரிமான நொதியின் வாயையே அடைக்கக்கூடியது. பச்சை சோயாவை யாரும் தின்னாததற்கு இதுவும் ஒரு காரணம். நன்றாகக் கொதித்தால் அதன் வேலை பெருமளவு போய்விடும்.

நாம் தின்னும் புரதமெல்லாம் அமினோ அமிலமாக உடைந்துதான் ரத்தத்துக்குப் போகிறது என்று படித்திருப்போம். பெருமளவு அப்படித்தான். ஆனால் முழுதாக அல்ல. 1920-களில் நியூயார்க்கில் மேத்யூ வால்சர் என்ற மருத்துவர் இதை வேடிக்கையான ஒரு வழியில் காட்டினார். மீன் ஒவ்வாமை உள்ள ஒருவரின் ரத்தச் சீரத்தை, மீனால் எந்தத் தொல்லையும் இல்லாத ஒருவரின் தோலில் ஓர் இடத்தில் ஊசியால் செலுத்துவது. மீனை எதிர்க்கும் ஆன்டிபாடி அந்தச் சீரத்தில் இருக்கும். அப்புறம் அவரை மீன் சாப்பிடச் சொல்வது. கொஞ்ச நேரத்தில் கையில் அந்த ஓர் இடம் மட்டும் சிவந்து தடிக்கும். அடையாளம் மாறாத மீன் புரதம் வயிற்றைத் தாண்டி, ரத்தத்தில் ஓடி, கைத்தோல்வரை வந்து சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். சோதிக்கப்பட்ட ஆரோக்கியமான மனிதர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இது நடந்தது. இன்று யாரும் இந்தச் சோதனையைச் செய்ய மாட்டார்கள், சீரத்தோடு வேறு தொற்றும் சேர்ந்து வந்துவிடும். ஆனால் முடிவு நிற்கிறது. சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் அந்த உணவின் சிறு துணுக்குகள் உருமாறாமல் உள்ளே போகின்றன. நோயெதிர்ப்பு மண்டலம் அவற்றைப் பார்க்காமல் இருக்க வழியே இல்லை.

பார்த்துவிட்டு என்ன செய்கிறது என்பதற்கான முதல் தடயம் இன்னும் பழையது. 1911-இல் கிடியன் வெல்ஸ் என்ற அமெரிக்கர் கினிப் பன்றிகளுக்கு முட்டை வெள்ளைக்கருவை ஊட்டி வளர்த்தார். சாதாரணமாக, முட்டைப் புரதத்தை ஒரு முறை ஊசியில் ஏற்றிவிட்டுச் சில வாரம் கழித்து மறுபடி ஏற்றினால் அந்த விலங்கு மூச்சுத் திணறிச் சாகும். முன்பே தின்று பழகியவை சாகவில்லை. அவரும் ஆஸ்போர்ன் என்ற இன்னொரு ஆய்வாளரும் சோளப் புரதத்தை வைத்தும் பார்த்தார்கள். வழக்கமான தீவனத்தில் மக்காச்சோளம் தின்று வளர்ந்த கினிப் பன்றிகளை அந்தப் புரதத்தின் மேல் திருப்பவே முடியவில்லை. அதாவது தின்பது உடம்புக்கு ஒரு பாடம், அந்தப் பாடம் ஊசி வழியாக வருகிறதையும் கட்டுப்படுத்துகிறது.

இது எப்படி நடக்கிறது என்பது விளங்க நூறு வருடம் ஆனது. குடல் சுவருக்கு அடியில் நோயெதிர்ப்பு மண்டலத்தின் காவலர்களான டென்ட்ரிடிக் செல்கள் காத்திருக்கின்றன. சோயாத் துணுக்கை எடுத்துக்கொண்டு பக்கத்து நிணநீர்க் கணுவுக்குப் போய், அங்கே உள்ள டி செல்கள் என்ற வேறு நோயெதிர்ப்புச் செல்களிடம் காட்டுகின்றன. காட்டும்போது என்ன சூழ்நிலை என்பதுதான் முக்கியம். குடலில் அந்தச் செல்கள் விட்டமின் ஏ-யிலிருந்து ரெட்டினோயிக் அமிலம் செய்கின்றன, டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞையும் கூட இருக்கிறது. இந்த இரண்டின் நடுவே சோயாவைச் சந்திக்கும் டி செல், அடிதடிக்குப் போகாமல் அடக்கும் வேலைக்குப் போகிறது. ஒழுங்குபடுத்தும் டி செல் என்று அதைச் சொல்கிறார்கள். அதன் பிறகு யாராவது சோயாவைப் பார்த்துக் கை ஓங்கினால் இது தடுக்கும். குடல் ஐஜிஏ என்ற ஆன்டிபாடியை நாளுக்குச் சில கிராம் கணக்கில் சுரக்கிறது, அது உணவையும் கிருமியையும் குடலின் உட்புறமே பிடித்து வைக்கிறது. ரத்தத்தில் கொஞ்சம் ஐஜிஜி, குறிப்பாக ஐஜிஜி4 வகை, உருவாகிறது. அது அழற்சியைக் கூப்பிடுவதில் மந்தமானது. இருந்தும் இல்லாத மாதிரி இருந்துகொள்ளும்.

இவ்வளவையும் நான் அப்போது ஒழுங்காகக் கோத்துச் சொல்லும் நிலையில் இல்லை. அங்கங்கே படித்ததை வைத்து அக்காவிடம் வாதாடினால், "உனக்கு ஒண்ணு நம்பணும்னு இருக்கு, எனக்கு ஒண்ணு நம்பணும்னு இருக்கு" என்று முடித்துவிட்டாள். தென் டெல்லியில் ஓர் ஆஸ்பத்திரியில் அலர்ஜி மருத்துவரிடம் அத்தான் நேரம் வாங்கினார். எனக்குத் துணைக்குப் போகும் வேலை.

கடைசிப் பக்கம்

அந்த மருத்துவர் அம்மாள் வயதானவர், இந்தியில்தான் பேசினார். அக்கா கோப்பை நீட்டி, சிவப்புப் பக்கத்தை விரித்து வைத்தாள். அவர் அதைப் பார்க்கவே இல்லை. "சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் வருகிறது?" என்று கேட்டார். ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டால் நடு ராத்திரிக்கு மேல் என்றாள் அக்கா. உதடு வீங்கியதா, தோலில் தடிப்பு வந்ததா, வாந்தி, இருமல், மூச்சு இழுப்பு, தலைசுற்றல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எதுவும் இல்லை. பயத்தம்பருப்பு, ராஜ்மா சாப்பிட்டால்? ராஜ்மாவுக்கும் கொஞ்சம் அப்படித்தான் என்று அக்கா இழுத்தாள். எந்த ராஜ்மா, ஊறவைத்த தண்ணீரைக் கொட்டுவாயா, அதிலேயே வேகவைப்பாயா என்பதுவரை கேட்டார். சாப்பில் மைதா எவ்வளவு சேர்க்கிறார்கள் என்று அவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. குச்சியில் சுற்றி நிற்பதே அந்தக் கோதுமைப் பசையால்தான், வெறும் சோயா மாவு அப்படிச் சுற்றாது, மேலே கிரீம், முந்திரி, எண்ணெய், இதில் வயிறு எதற்குக் கோபித்தது என்று எப்படித் தெரியும் என்றார்.

அப்புறம்தான் அறிக்கையைக் கையில் எடுத்தார். சிவப்புப் பக்கத்தைத் தாண்டி, மஞ்சளைத் தாண்டி, கடைசிப் பக்கத்துக்குப் போனார். நாங்கள் யாரும் அந்தப் பக்கத்தைச் சரியாகப் பார்த்திருக்கவில்லை, பச்சைதானே என்று விட்டிருந்தோம். விரலை வைத்துப் படித்தார். நண்டு. இறால். சால்மன். வாத்து. ஆட்டுக்கறி. "இதெல்லாம் உங்களுக்கு ரொம்ப நல்லது என்று போட்டிருக்கிறார்களே, சாப்பிடுவீர்களா?"

அக்கா பதறிவிட்டாள். "சிவ சிவா! நாங்க சைவம் டாக்டர்!" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு இந்திக்கு வந்தாள். பரம்பரையாகச் சைவம், முட்டைகூட வீட்டுக்குள் வராது. மருத்துவர் தலையை ஆட்டினார். "அது தெரிகிறது. உங்கள் ரத்தத்துக்கு நண்டைத் தெரியவே தெரியாது. தெரியாததெல்லாம் பச்சை. இப்போது முதல் பக்கத்தைப் பாருங்கள். உங்கள் சமையலறை அலமாரியை யாரோ திறந்து எழுதிக்கொண்டு போன மாதிரி இல்லையா?"

கோதுமை, பால், உளுந்து, வேர்க்கடலை, சோயா. டெல்லியில் பல வருடமாகக் குடும்பம் நடத்தும் ஒரு திருநெல்வேலிக்காரியின் சமையலறை அப்படியே அங்கே இருந்தது. ரொட்டிக்குக் கோதுமை, இட்லிக்கு உளுந்து, அத்தானுக்காகச் சாப். அத்தான் அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கி முதல் முறையாக முழுதாகப் படித்தார். மயூர் விஹாரில் அவர்கள் குடியிருப்பு வாசலில் காவலாளி ஒரு பதிவேடு வைத்திருப்பான். பால்காரர், வேலைக்கு வரும் தீதி, கேஸ் சிலிண்டர்க்காரர், எல்லார் பெயரும் வந்த நேரமும் அதில் இருக்கும். அடிக்கடி வருகிறவர் பெயர் அடிக்கடி இருக்கும். இந்தச் சோதனை செய்தது அந்தப் பதிவேட்டை வாங்கி, அதிகம் வந்தவர்கள் யாரோ அவர்கள்தான் திருடர்கள் என்று பட்டியல் போட்டது. பதிவேட்டில் எழுதியிருப்பது பொய் இல்லை, ஆனால் அது திருடர் பட்டியலும் இல்லை.

எனக்கு உறுத்திக்கொண்டிருந்த கேள்வி அந்த அறையில் சரியாக உட்கார்ந்தது. தப்பு எண்ணில் இல்லை, எண்ணுக்குப் பூசிய நிறத்தில் இருந்தது. சோயாவுக்கான ஐஜிஜி, சோயாவை அந்த உடம்பு பலமுறை சந்தித்திருக்கிறது என்பதற்குச் சாட்சி, பெரும்பாலும் ஒத்துப்போனதற்குச் சாட்சி. ஐரோப்பிய அலர்ஜி மருத்துவர்களின் கழகம் 2008-லேயே, உணவுக்கான ஐஜிஜி4 அளவை வைத்து ஒவ்வாமையோ ஒத்துக்கொள்ளாமையோ முடிவு செய்யக் கூடாது என்று எழுதிவிட்டது. அமெரிக்கக் கழகமும் அதையே ஆமோதித்தது, 2012-இல் கனடாவும் சொன்னது. இன்னும் ஒன்று. ஒவ்வாமைக்குச் சிகிச்சையாக, உணவைத் துளித்துளியாகக் கொடுத்துப் பழக்கும்போது இதே ஐஜிஜி4 ஏறுகிறது. குணமாகும் குழந்தையின் ரத்தத்தில் ஏறுகிற பொருளைத்தான் அக்காவின் அறிக்கையில் சிவப்பாகப் போட்டிருந்தார்கள்.

சரி, அப்படியென்றால் ராத்திரி வயிறு கல்லானது எதனால்? நோயெதிர்ப்பு மண்டலம் சம்பந்தப்படாமலேயே அது நடக்கும். சோயாவில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் இருக்கின்றன. அவற்றை உடைக்கும் நொதி மனிதக் குடலில் இல்லை. உடையாமல் பெருங்குடல்வரை போகும், அங்கே உள்ள பாக்டீரியாக்கள் அவற்றைத் தின்று வாயுவாக ஆக்கும். அதற்குச் சில மணி நேரம் பிடிக்கும், ராத்திரிச் சாப்பாடு நடு ராத்திரிக்குக் கணக்குச் சரியாக வருகிறது. ராஜ்மாவும் அதே கட்சி. மைதாவின் ஃபிரக்டான், கிரீமின் லாக்டோஸ் எல்லாம் கூடச் சேர்ந்துகொள்ளலாம். மருத்துவர் சோயாவுக்குத் தோல் குத்துச் சோதனைகூட வேண்டாம் என்றார். கதை பொருந்தாதபோது சோதனை செய்தால், ஒன்றுமில்லாதவருக்கும் ஏதாவது ஒன்று வீங்கிக் காட்டும், அப்புறம் அதைத் துரத்த வேண்டியிருக்கும் என்பது அவர் வாதம். இந்த வாதத்தைக் கேட்டு, சோதனை வேண்டாம் என்று சொல்ல மருத்துவர்கள் இன்னும் இருக்கிறார்களா என்று எனக்கு ஆச்சரியம். அத்தானுக்கு லேசான வருத்தம். இத்தனை தூரம் வந்து ஒரு சோதனைகூட எழுதித் தரவில்லையே என்று.

எந்த வழியாக வருகிறது

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அக்காவின் மகள் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. "சித்தி, அப்ப சோயா யாருக்குமே ஒண்ணும் பண்ணாதா?" பண்ணும். நிறையவே பண்ணியிருக்கிறது. ஆனால் பண்ணிய இடங்களை எடுத்துப் பார்த்தால், சோயா என்ற பொருளைவிட அது உடம்புக்குள் நுழைந்த வழி அதிகம் பேசுகிறது.

பார்சிலோனாவில் 1981 முதல் 1987 வரை இடைவிட்டு இடைவிட்டுச் சில நாள்களில் மட்டும் ஆஸ்பத்திரிகள் ஆஸ்துமாக்காரர்களால் நிரம்பின. அப்படி 26 நாள்களைக் கணக்கெடுத்தார்கள். சிலர் இறந்தும் போனார்கள். காற்றில் உள்ள மாசு, வானிலை என்று தேடித் தேடிக் கடைசியில் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தார்கள். கப்பலிலிருந்து சோயா இறக்கிய நாள்களில்தான் அது நடந்தது. அங்கே ஒரு சேமிப்புக் கிடங்கில் தூசியைப் பிடிக்கும் வடிகட்டி இல்லை. சோயாத் தோலின் தூசி காற்றோடு ஊருக்குள் போனது. யோசப் ஆன்டோ, ஜோர்டி சுன்யெர் குழுவினர் 1989-இல் இதை வெளியிட்டார்கள். வடிகட்டி போட்டதும் அந்த நாள்கள் நின்றன. மாட்டிக்கொண்டவர்கள் சோயாவைத் தின்றவர்கள் அல்லர், மூச்சில் இழுத்தவர்கள். அதற்குக் காரணமான சோயாத் தோல் புரதங்களும் வேறு, சாப்பாட்டு ஒவ்வாமையில் அடிபடும் கிளைசினின், பீட்டா-கான்கிளைசினின் வேறு.

சாப்பின் மற்றொரு பாதியான கோதுமைக்கும் இப்படி ஒரு கதை உண்டு. ஜப்பானில் ஒரு முகச் சோப்பில் நீரால் பகுக்கப்பட்ட கோதுமைப் புரதம் சேர்த்திருந்தார்கள். பிறந்ததிலிருந்து ரொட்டியும் நூடுல்ஸும் தின்று ஒரு தும்மல்கூடப் போடாத பெண்கள், அந்தச் சோப்பைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணிமை வீங்கி, அதன் பிறகு கோதுமை தின்றாலே மயங்கி விழும் நிலைக்கு வந்தார்கள். 2000-க்கும் மேற்பட்டவர்கள். வாய் வழியாகப் பல வருடம் கற்ற பாடத்தைத் தோல் வழியாக வந்தது அழித்துவிட்டது. பிரிட்டனில் கிடியன் லாக் என்ற மருத்துவர் இதே கோணத்தில்தான் வேர்க்கடலையைப் பார்த்தார். கரப்பான் என்ற தோல் அழற்சி வந்து வெடித்த குழந்தைத் தோலில் படும் வேர்க்கடலை எதிரியாகிறது, வாயில் போவது பழகுகிறது. 2015-இல் அவர் குழு, ஆபத்து அதிகமுள்ள குழந்தைகளுக்குச் சீக்கிரமே வேர்க்கடலையை ஊட்டி, ஒவ்வாமையை ஐந்தில் நாலு பங்கு குறைத்துக் காட்டியது. ஒதுக்குவதே பாதுகாப்பு என்று அதுவரை மருத்துவர்களே சொல்லிவந்தார்கள்.

உண்மையான சோயா ஒவ்வாமையில் நடப்பது வேறு. அங்கே ஐஜிஜி இல்லை, ஐஜிஇ என்ற வேறு வகை ஆன்டிபாடி. அளவில் துளி, ஆனால் அது ரத்தத்தில் சும்மா சுற்றுவதில்லை, தோலிலும் குடலிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களின் மேல் ஏறி உட்கார்ந்து காத்திருக்கும். சோயா வந்து அதைத் தொட்டால் நிமிடங்களில் ஹிஸ்டமின் என்ற வீக்கமூட்டும் பொருள் கொட்டும். தடிப்பு, வாந்தி, மூச்சு இழுப்பு, ரத்த அழுத்தம் சரிவு. நேரமும் அறிகுறியும் அக்காவின் கதையோடு ஒரு புள்ளியிலும் சேராது. ஸ்வீடனில் 1990-களில் நாலு இளையவர்கள் சோயாவால் இறந்தார்கள். அவர்களுக்கு வேர்க்கடலை ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் இருந்தது, சோயா ஆகாது என்பது யாருக்கும் தெரியாது. இறைச்சி உணவில் மறைந்திருந்த சோயாப் புரதம் அது. சாப்பிட்டு முதலில் லேசாகத் தொடங்கி, கொஞ்ச நேரம் சும்மா இருந்து, பிறகு கைமீறிப் போனது. வேர்க்கடலை ஒவ்வாமைக்காரர்கள் பலருக்குச் சோயாவுக்கும் ரத்தப் பரிசோதனை தூக்கிக் காட்டும், இரண்டும் பயறு வகை, புரதங்கள் ஒன்றுபோல் இருக்கும். அவர்களில் சோயா தின்று தொல்லைப்படுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஐஜிஇ-யே இருந்தாலும் அதுவும் முழுத் தீர்ப்பு அல்ல.

இதற்கு நேர் எதிர்ப்பக்கமும் உண்டு. சில கைக்குழந்தைகளுக்குச் சோயாப் பால் மாவு கொடுத்தால் ஒன்றிலிருந்து நாலு மணி நேரத்துக்குள் விடாமல் வாந்தி எடுத்து, வெளுத்துத் துவண்டுவிடும். எஃப்பிஐஈஎஸ் என்று சொல்லும் இந்த நோயிலும் வேலை செய்வது நோயெதிர்ப்பு மண்டலம்தான். ஆனால் பொதுவாக ஐஜிஇ சோதனையில் ஒன்றும் தெரியாது. குழந்தை உயிருக்குப் போராடும்போது ரத்தம் வாய் திறக்காது, அக்கா நன்றாகத் தூங்கி எழுந்த நாளிலும் ரத்தம் பக்கம் பக்கமாகப் பேசும். ஜப்பானில் நாட்டோ என்ற புளித்த சோயாவைத் தின்று பாதி நாள் கழித்துச் சரிந்து விழுந்தவர்களில் நிறைய பேர் அலைச்சறுக்கு விளையாடுகிறவர்கள். அங்கே குற்றவாளி சோயாவே இல்லை. புளிக்கவைக்கும் பாக்டீரியா செய்யும் கோழை போன்ற பிசுபிசுப்பு. ஜெல்லி மீன் கொட்டும்போது அதே வகைப் பொருள் தோலில் ஏறிப் பழகியிருந்தது. மறுபடியும் தோல்.

சோதனை தன்னையே நிரூபித்துக்கொள்ளும்

அந்த ஆய்வகத்திலிருந்து அக்காவுக்கு இப்போதும் அழைப்பு வருகிறது. சிவப்பு உணவுகளை ஆறு மாதம் நிறுத்திவிட்டு மறுபடி சோதனை எடுங்கள், வித்தியாசத்தை நீங்களே பார்ப்பீர்கள் என்கிறார்கள். பார்ப்பார்கள்தான். சோயாவைத் தின்னாமல் இருந்தால் சோயாவுக்கான ஐஜிஜி மெல்ல இறங்கும், சிவப்பு மஞ்சளாகும், மஞ்சள் பச்சையாகும். வாடிக்கையாளர் தன் குடல் ஆறிவிட்டது என்று நம்பிவிடுவார். கூடவே சாப்பின் மைதாவும் கிரீமும் எண்ணெயும் போயிருக்கும், ராத்திரி வயிறும் லேசாகியிருக்கும். எந்தப் பக்கம் போனாலும் சோதனை சரி என்றே வரும். இப்படி ஒருபோதும் தோற்காத ஒன்றைச் சோதனை என்று கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. அக்காவிடம் சொன்னபோது, "வயிறு லேசானா போதும்ட்டி, காரணம் என்னவா இருந்தா என்ன?" என்றாள். சாப் இப்போது மாதத்துக்கு ஒன்று. மீல்மேக்கரை வெந்நீரில் ஊறவைத்து இரண்டு தண்ணீர் பிழிந்து போடுகிறாள். கோதுமைக்கும் பாலுக்கும் விடுதலை. உளுந்து சிவப்பில் இருந்த அந்தக் கொஞ்ச நாள்களில் அந்த வீட்டில் ரவை தோசை தவிர வேறு டிபன் இல்லை. ரவையும் கோதுமைதான் என்பதை நான் சொல்லவில்லை.

காரணம் என்னவாக இருந்தால் என்ன என்பதை ஒப்புக்கொள்ள முடியாமல் நான் நிற்பது என் அலுவலகத் தோழி ஒருத்தியால். அவள் மகனுக்குச் சோயா ஒவ்வாமை நிஜம். ஒன்றரை வயதில் ஒரு துண்டு டோஃபுவில் முகம் வீங்கி நீலம் பாரித்து, அட்ரினலின் ஊசியில்தான் மீண்டான். டெல்லியில் சோயா இல்லாத பொட்டலத்தைத் தேடுவது ஒரு வேலை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிகள் சோயாவை எழுதியாக வேண்டிய ஒவ்வாமைப் பொருள்களில் சேர்த்திருப்பதால் பிஸ்கட்டிலும் பிரெட்டிலும் படித்துப் பார்க்க முடிகிறது. சோயாவின் கொழுப்புப் பொருளான லெசித்தினா, புரத மாவா என்று பிரிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள், லெசித்தினில் புரதம் மிகக் குறைவு என்பதால் அவன் மருத்துவர் அதை விட்டுவிட்டார். பிறந்தநாள் விருந்துகளுக்கு லேபிள் கிடையாது. அங்கே போய், இவனுக்குச் சோயா ஆகாது என்று சொன்னால் சமையல்காரர் சிரிக்கிறார். எனக்கும் ஆகாது மேடம், ரிப்போர்ட்டில் வந்திருக்கிறது, பரவாயில்லை கொஞ்சம் சாப்பிடலாம் என்று ஒரு முறை விருந்து வைத்த அம்மாளே சொல்லியிருக்கிறார். சிவப்புப் பட்டை உள்ள ஆயிரம் பேர் நடுவில் நிஜமான ஒருவனை யார் நம்புவார்கள்?

அவனுக்கு இப்போது எட்டு வயது. சோயா ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் பெரும்பாலோர் வளர வளர அதிலிருந்து வெளியே வந்துவிடுகிறார்கள். பால்டிமோரில் ஒரு மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2010-இல் வெளியான ஆய்வில், பத்து வயதுக்குள் 69 விழுக்காட்டினருக்கு அது போயிருந்தது. அவன் ஐஜிஇ இறங்கிக்கொண்டே வருகிறது. போய்விட்டதா என்று உறுதியாகத் தெரிய ஒரே வழி, ஆஸ்பத்திரியில் உட்காரவைத்துச் சோயாவை ஊட்டிப் பார்ப்பதுதான். துளியளவில் ஆரம்பித்து, இடைவெளி விட்டு விட்டு அளவைக் கூட்டி, கையில் அட்ரினலினோடு சில மணி நேரம் பக்கத்தில் காத்திருப்பார்கள். அக்காவின் அறிக்கையைப் பற்றிக் கேள்விப்பட்டு, இதற்கு அந்த ரத்தச் சோதனை உதவுமா என்று தோழி கேட்டாள். கடைசிப் பக்கத்து நண்டுக் கதையைச் சொன்னேன். சிரித்தாள். டிசம்பரில் தேதி கொடுத்திருந்தார்கள், ஆனால் புகைமூட்டம் தொடங்கினால் அவனுக்கு மூச்சிரைப்பு வரும், நுரையீரல் சரியில்லாதபோது இந்தச் சோதனையைச் செய்ய மாட்டார்கள். பிப்ரவரிக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.